சஸ்கச்சுவானில் வாத்து வேட்டை: துவக்கைக் கடைசியாக வாங்குங்கள்

மன்னார்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சின்ன வயதில் பெரியப்பாவோடு குளக்கட்டில் பதுங்கிச் சிறகி வாத்துக்கு வெடிவைக்கப் போனவராம். பிறகு பன்னிரண்டு வருசம் கட்டார். இப்போது கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்துச் சஸ்கற்றூனுக்கு வந்து ஏழு மாதம். வேலை சரி, வீடு சரி, ரோட்டோரக் குட்டைகளில் வாத்துக் கூட்டத்தைக் கண்டால் மட்டும் கை துருதுருக்கிறதாம். எங்கே தொடங்குவது, என்ன துவக்கு வாங்குவது என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். துவக்கைக் கடைசியாக வாங்குங்கள். இந்த இலையுதிர்காலம் முழுக்க துவக்கில்லாமல் திரியுங்கள். கடுப்பாகத்தான் இருக்கும். நான் அதைச் செய்யாமல் பட்டதைக் கீழே சொல்கிறேன்.

என் கதை சுருக்கம். நானும் வன்னியில் மாமாவின் இடியன் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன்தான். அது சட்டத்துக்கு உட்பட்டதா என்று அந்த வயதில் யார் யோசித்தது? ரொறன்ரோ வந்து பத்து வருசம் போனபிறகு வேலையிடத்து நண்பர் ஒருவரோடு ஒன்ராறியோவின் லோங் பொயின்ற், லேக் சென். கிளயர் பக்கம் வேட்டைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே எல்லாம் தண்ணீர் வேட்டை. போட், நாணல், இடுப்பளவு சேறு. ஆறு வருசத்துக்கு முதல் இங்கே மாறி வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்போடுதான் வந்தேன். இங்கே வேட்டை பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, அறுத்த வயலில். போட்டை விற்றுவிட்டு வயலில் முதுகைப் போட்டுப் படுக்கப் பழகினேன்.

கடதாசி வேலையை விரைவாகச் சொல்கிறேன், அது கஷ்டமான பகுதி இல்லை. துவக்கு வைத்திருக்க பிஏஎல் என்கிற லைசன்ஸ் வேண்டும். அதற்கு முதல் பாதுகாப்பு வகுப்பு. எழுத்து, செய்முறை இரண்டிலும் 80 வீதம் எடுக்க வேண்டும். முதல் தடவை விண்ணப்பிப்பவர்களுக்கு ஆகக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது, ஆகவே வீட்டில் முதலே கதைத்துவிடுங்கள்! வேட்டைக்கல்வி வகுப்பு தனி. சஸ்கச்சுவானில் 1971 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் அது கட்டாயம். பிறகு மூன்று துண்டு: மாகாணத்தின் பறவை வேட்டை லைசன்ஸ், ஹபிரற் (வாழிட) லைசன்ஸ், ஒட்டாவா மத்திய அரசு தருகிற வலசைப் பறவை அனுமதி. அனுமதியோடு ஒரு முத்திரையும் வரும். 1916இல் கனடாவுக்காகப் பிரித்தானியாவும் அமெரிக்காவும் செய்த ஒப்பந்தம்தான் இதற்கெல்லாம் அடி.

இப்ப சன்னம். ஊரில் ஈயச் சன்னம்தான் போட்டோம். இங்கே 1999இலிருந்து நாடு முழுக்க வாத்துக்கும் கூஸ் என்கிற பெரிய காட்டு வாத்துக்கும் ஈயம் கூடாது. சேற்றில் விழுந்து கிடக்கிற சன்னத்தை வாத்து மணலோடு சேர்த்து விழுங்கும், இரைப்பையில் அது அரைபட்டு நஞ்சாகும். ஆனபடியால் ஸ்ரீல், அதாவது உருக்குச் சன்னத் தோட்டா. ஸ்ரீல் ஈயத்தைவிடப் பாரம் குறைவு, தூரம் போகப் போகச் சத்து போய்விடும். வாத்துக்கு 2, 3, 4 நம்பர் சன்னம், கூஸுக்கு அதைவிடப் பெரிய பிபி. துவக்குக்குள் மொத்தம் மூன்று தோட்டாதான் நிற்கலாம், மகசீனுக்குள் அடைப்புத் தடி போட வேண்டும். யாராவது பழைய துவக்கை மலிவாகத் தருகிறேன் என்றால் முழு சோக், அதாவது நுனி ஒடுங்கிய குழலா என்று பாருங்கள். அதற்குள்ளால் ஸ்ரீல் அடிக்கக்கூடாது, குழல் கெட்டுவிடும்.

நான் பட்டது இதுதான். இங்கே வந்த முதல் ஒக்டோபர். வயல்காரர் ஒருவரிடம் கேட்டு வாங்கிய பார்லி வயலில் தனியே படுத்திருந்தேன். பறவையை ஏமாற்றி இறக்குகிற பொம்மைகளை ஒன்ராறியோப் பழக்கத்தில் நெருக்கி வைத்துவிட்டேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கூஸ் கூட்டம் ஒன்று வந்து ஒரு வட்டம் அடித்தது. இறங்க இடமில்லாமல் உயர எழும்பியது. பொறுமை இல்லை எனக்கு. அறுபது கஜத்துக்குக் குறையாத உயரத்தில் இரண்டு வெடி. ஒன்று சரிந்தது, விழவில்லை. சிறகை இழுத்துக்கொண்டு பக்கத்து வெட்டாத கனோலாப் பயிருக்குள் போய் இறங்கியது. அந்த வயல் வேறொருவருடையது. பறவையை எடுக்காமல் விடுவது குற்றம். அனுமதியில்லாமல் வேலியைத் தாண்டுவதும் குற்றம். யாருடைய வயல் என்றுகூட எனக்குத் தெரியாது. முக்கால் மணித்தியாலம் தொலைபேசியும் கையுமாக வேலியோரம் நின்றேன். கடைசியில் சொந்தக்காரர் வந்தார், ஒன்றும் ஏசவில்லை, “அடுத்த முறை முதலே வா” என்றார். பறவை கிடைக்கவில்லை. கிடைக்காததையும் அன்றைய கணக்கில்தான் சேர்க்க வேண்டும், சேர்த்தேன். வீட்டுக்கு வந்து மனிசியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் பின்னேரங்களில் பறவை எங்கே இறங்குகிறது என்று பார்க்கப் பழகினேன். உங்களுக்கு இந்த வருசம் இதுதான் வேலை. செப்ரெம்பர் நடுவில் சூரியன் விழ ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போது காரை எடுங்கள். இங்கே வடக்குத் தெற்கு ரோட் மைலுக்கு ஒன்று, கிழக்கு மேற்கு இரண்டு மைலுக்கு ஒன்று, சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ‘ஸ்லூ’ என்று சொல்கிற குட்டையில்தான் வாத்து படுக்கும். அந்தச் சொல்லை எழுதுகிற விதத்தைப் பார்த்து வாசித்தீர்களென்றால் வயல்காரர் சிரிப்பார், நான் ‘ஸ்லவ்’ என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினவன். பின்னேரம் குட்டையிலிருந்து எழும்பி, அறுத்த கோதுமை, பார்லி, பட்டாணி வயலுக்கு மேய வரும். முதலில் பத்துப் பன்னிரண்டு, பிறகு நூல் நூலாக, கடைசியில் கறுப்புப் புகை சுழன்று இறங்குகிற மாதிரி. தொலைநோக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வயலின் எந்த மூலையில் இறங்குகிறது? மேட்டிலா பள்ளத்திலா? காற்றுக்கு எதிரே முகம் வைத்துத்தான் இறங்கும், கால் இரண்டையும் முன்னுக்கு நீட்டிக்கொண்டு. அந்த இடத்தை நினைவில் வையுங்கள். ஐம்பது மீற்றர் தள்ளிப் படுத்தாலும் தலைக்கு மேலால் போய் நேற்று மேய்ந்த இடத்தில்தான் உட்காரும். அடுத்த நாள் காலையிலும் அனேகமாக அதே வயல். படுக்கிற குட்டையில் மட்டும் வெடி வைக்காதீர்கள். சட்டம் விட்டாலும் நான் விடமாட்டேன். ஒரு நாள் காலையில் சுட்டால் அந்தக் கூட்டம் அந்தப் பகுதியையே விட்டுப் போகும்.

பறவை இறங்குகிற வயலைக் கண்டாயிற்று, இனித்தான் கஷ்டமான பகுதி. கதவைத் தட்டுவது.

2022 ஜனவரியிலிருந்து சஸ்கச்சுவானில் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும், ‘உள்ளே வராதே’ என்ற பலகை இல்லாவிட்டாலும். முன்னே பலகை இல்லாத வயலுக்குள் போகிற வழக்கம் இருந்தது, இப்போது இல்லை. கிராமப்புற உள்ளூராட்சி சபைகள் விற்கிற வரைபடத்தில் ஒவ்வொரு காணிக்கும் சொந்தக்காரர் பெயர் இருக்கும். ஐஹன்டர் செயலியிலும் காணி எல்லைகள் தெரியும். ஆனால் தொலைபேசியைவிட நேரில் போவது நல்லது. எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம், எனக்கும் இருந்தது. கறுத்த மனிசன் ஒருவன் பொழுதுபடுகிற நேரம் தனி வீட்டுக் கதவைத் தட்டி “உங்கள் வயலில் சுடலாமா” என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? அதனால்தான் துவக்கில்லாத வருசம் நல்லது என்கிறேன். ஓகஸ்ட்டில் போங்கள், வேட்டை தொடங்க முதல். அறுவடை மும்முரத்தில், மனிசன் கொம்பைனில் இருக்கும்போது மறிக்காதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், எந்த ஊர், எங்கே வேலை, என்ன கார் என்று சொல்லுங்கள். நாய் குரைத்தால் காருக்குள்ளேயே இருங்கள். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

எனக்கு முதல் நிரந்தர வயல் கிடைத்தது பருப்பால்தான். கிழவனார் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார், என்ன கதைப்பது என்று தெரியாமல் “என்ன போட்டிருக்கிறீர்கள்” என்று கேட்டேன். சிவப்புப் பருப்பு என்றார். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நாளும் அது அவியும் என்றேன். மனிசன் நம்பவில்லை. முப்பது வருசம் பருப்பு விளைவிக்கிறவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லையாம். அடுத்த கிழமை தேங்காய்ப்பால் விட்டு, தாளித்துக் கொட்டிய ஒரு சட்டி பருப்பை மனிசி கட்டித் தந்தாள். இப்போது நான்கு குவாற்றர் காணி எனக்குத் திறந்து கிடக்கிறது. ஒரு குவாற்றர் 160 ஏக்கர். ஈரமான நாளில் வாகனத்தை வயலுக்குள் இறக்குவதில்லை, வெற்றுத் தோட்டா ஒன்றுகூட விடுவதில்லை, கேற் எப்படி இருந்ததோ அப்படியே விடுவது. இவ்வளவும்தான் ஒப்பந்தம்.

பறவை அடையாளம் காணவும் இந்த வருசமே பழகுங்கள். வாத்து நாளொன்றுக்கு எட்டு, ஆனால் ஊசிவால் வாத்துக்கு அதற்குள் தனி வரம்பு. அரையிருட்டில், பின்னணி வெளிச்சத்தில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பழகுங்கள்: மலாட் வாத்துக்குத் தடித்த உடம்பு, மெதுவான சிறகடி, ரீல் என்கிற வாத்து சின்னது, வண்டு மாதிரி வளைந்து நெளிந்து போகும், ஊசிவாலுக்கு நீண்ட மெல்லிய கழுத்து. தம்பி, இந்த ஊசிவால் உங்களுக்குப் புதிதில்லை. மாரியில் மன்னார்க் களப்புக்கு வருகிற அதே சாதிதான், தட்டைவாயன் வாத்தும் அப்படியே. அங்கே வருகிறவை சைபீரியப் பக்கத்தவை, இவை இங்கே கூடு கட்டுகிறவை. அரிதாள் வயலில் வசந்தத்தில் வேளைக்கே கூடு கட்டும், விதைப்பு இயந்திரம் வந்து முட்டையோடு உழுதுவிடும். அதனால்தான் குறைந்துபோயிருக்கிறது. நான் இரண்டு வருசமாக ஊசிவாலுக்கு வெடி வைப்பதில்லை. அது என் சொந்த விருப்பம், உங்களுக்குச் சட்டம் இல்லை.

வெள்ளையாகப் பெரிதாக வருகிற எதையும் கண்டால் துவக்கைக் கீழே வையுங்கள். ஸ்னோ கூஸ் வெள்ளை, அது சரி. அன்னமும் வெள்ளை. ஹூப்பிங் கிறேன் என்கிற அரிய கொக்கும் வெள்ளை, சிறகு நுனி கறுப்பு, ஸ்னோ கூஸ் போலவே. 1941இல் இருபத்துச் சொச்சம்தான் உலகத்தில் மிஞ்சியிருந்தன. இப்போதும் இலையுதிர்காலத்தில் அல்பேர்ட்டாவின் வட எல்லையிலிருந்து ரெக்சஸ் போகிற வழியில் இந்த வயல்களில்தான் இறங்கும். கூஸின் கால் பறக்கும்போது தெரியாது, கொக்கின் கால் பின்னால் நீட்டி நிற்கும்.

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், கொண்டுவந்த பிறகு என்ன செய்வது, மணக்காதா என்று. அக்கா, பார்லி மேய்ந்த மலாட் மணக்காது. மீன் தின்னுகிற சாதி மணக்கும், அதை நாங்கள் விட்டுவிடுவோம். வெள்ளைக்காரர் நெஞ்சை அரைவேக்காட்டில் வெட்டிச் சாப்பிடுவார்கள். 2022இலிருந்து பறவைக்காய்ச்சல் இருப்பதால் உள்ளே 74 பாகை வரும்வரை வேகவிடச் சொல்கிறார்கள், எங்களுக்கு அதில் சிரமம் இல்லை, நாங்கள் எதை அரைவேக்காட்டில் விட்டோம்? உரிக்கும்போது கையுறை போடுங்கள், சமையலறைக்குள் உரிக்க வேண்டாம். கூஸ் காலை யாழ்ப்பாணக் கறித்தூள், இஞ்சி, உள்ளி போட்டு இரண்டரை மணித்தியாலம் சின்ன நெருப்பில் விடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க முதல் விரலால் பிசைந்து பாருங்கள். ஸ்ரீல் சன்னம் பல்லை உடைக்கும், ஈயம் மாதிரி நசியாது. அயலவருக்குக் கொடுத்தால் உங்கள் பெயர், அனுமதி இலக்கம், சுட்ட திகதி எழுதிக் கட்டிக் கொடுக்க வேண்டும். விற்கவே கூடாது, தமிழ்க்கடைக்குக்கூட. வீட்டுக்குக் கொண்டுவரும்வரை ஒரு சிறகு அல்லது தலையை இறகோடு விட்டுவிட வேண்டும், வழியில் மறித்துப் பார்த்தால் என்ன சாதி என்று தெரிய வேண்டுமே.

தம்பி, உங்களுக்குத் துவக்கு லைசன்ஸ் வர எப்படியும் இந்த சீசன் போய்விடும். ஒக்டோபர் முதல் சனிக்கிழமை என்னோடு வாருங்கள். சூரியன் எழும்ப அரைமணி இருக்கும்போதிலிருந்துதான் சுடலாம், அதாவது காலை 6.40 அளவிலிருந்து. ஆனால் பொம்மை அடுக்க 4.45க்கு வயலில் நிற்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பொம்மை இருக்கிறது, ஒவ்வொன்றின் காலையும் நிலத்தில் குத்தி நிறுத்த வேண்டும், எனக்கு இடுப்பு முன்போல இல்லை. காற்றுப் பக்கம் முதுகைக் கொடுத்துப் படுக்கலாம், நடுவில் பறவை இறங்க வெற்றிடம் விடுவோம். முகத்துக்குக் கரி பூசுவார்கள் இங்கே, மினுங்கக்கூடாது என்று. எங்களுக்கு அந்தச் செலவு இல்லை. மைனஸ் ஐந்து வரை போகும், உள்ளுக்குக் கம்பளி போடுங்கள், ஜீன்ஸ் வேண்டாம். தேத்தண்ணிப் போத்தல் உங்கள் பொறுப்பு. சீனி கூட.