பேச்சை ஏந்தும் வினைக்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு,

வர்ணனை எழுத்துக்கான சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. ஆங்கிலத்தில் ‘ஆக்‌ஷன் பீட்’ என்பார்கள். உரையாடலை ஒட்டி வரும் சின்ன உடற்செயல், அல்லது முகத்தில் தெரியும் ஓர் அசைவு. பேசியது யார், எந்த மனநிலையில் பேசினார் என்ற இரண்டையும் அதுவே சொல்லிவிடும். ‘என்றான்’, ‘கேட்டாள்’ போன்றவை வேறு. அவற்றுக்குக் ‘கூற்றுவினை’ என்று ஏற்கெனவே வைத்தாயிற்று.

“எனக்கு வேண்டாம்” என்று கோபமாகச் சொன்னாள்.
“எனக்கு வேண்டாம்” என்று தட்டை நகர்த்தினாள்.

இரண்டாவது வரியில் வரும் ‘நகர்த்தினாள்’ செய்கிற வேலைக்குத்தான் பெயர் வேண்டும். இதுவரை வந்தவை: செயல்துடிப்பு, இடைவினை, மெய்ப்பாடு.

----

> இதுவரை வந்தவை: செயல்துடிப்பு, இடைவினை, மெய்ப்பாடு

என் வாக்கு மெய்ப்பாட்டுக்கு. புதிதாக ஒன்றைச் செய்யுமுன் கையில் இருப்பதைப் பார்க்க வேண்டும். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டு மெய்ப்பாடுகளையும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் இடம்; ஆக 32. அதே இயலில், காதல் அரும்பும்போது தலைவியிடம் தெரிபவற்றைச் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள்: கூழை விரித்தல், காதொன்று களைதல், ஊழணி தைவரல், உடைபெயர்த்து உடுத்தல். கூந்தல் அவிழ்கிறது, ஒரு காதின் அணி கழல்கிறது, போட்டிருக்கும் நகையைக் கை தடவிப் பார்க்கிறது, கட்டிய உடையை மறுபடி கட்டுகிறாள். நான்கிலும் ‘ஆசை’ என்ற சொல் இல்லை. கண்ணுக்குத் தெரியும் செயல் மட்டும்தான். கதைப் பயிற்சியில் இன்று சொல்லிக்கொடுப்பதும் இதையேதான்.

----

ஐயா காட்டிய இடம் அருமை. கையேட்டில் அது கட்டாயம் வர வேண்டும். ஆனால் சொல்லாக மெய்ப்பாடு இங்கே பொருந்தாது. அது உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படும் நிலையின் பெயர். பேச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெய்ப்பாடு உண்டு. நாம் பெயர் தேடுவது வாக்கியத்தின் ஓர் உறுப்புக்கு. ‘இந்த வரியில் மெய்ப்பாடு சரியில்லை’ என்று ஓரத்தில் எழுதினால், உணர்ச்சியை மாற்றுவதா வினைச்சொல்லை மாற்றுவதா என்று எழுதியவருக்குத் தெரியாது.

மற்ற இரண்டும் நிற்கா. ‘துடிப்பு’ இதயத்துக்குப் போய்விடும். ‘இடைவினை’ இயற்பியலிலும் சமூகவியலிலும் ‘இன்டராக்‌ஷன்’ என்பதற்குப் புழங்குகிறது. ‘குறிப்புவினை’ என்று யாராவது சொல்லுமுன் சொல்லிவிடுகிறேன்: ‘அவன் நல்லன்’ என்பதில் உள்ள நல்லன் போன்றவற்றுக்கு இலக்கணம் அந்தப் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டது.

தமிழில் இந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் பெயர் தானே வருகிறது. ஆங்கிலத்தில் பேச்சு முற்றுப்புள்ளியோடு முடிய, செயல் தனி வாக்கியமாக நிற்கும். மொழிபெயர்ப்புகளில் அதை அப்படியே கொண்டுவந்து, “எனக்கு வேண்டாம்.” அவள் தட்டை நகர்த்தினாள் என்று இரண்டாக வெட்டுகிறார்கள். பத்து வரிக்கு இப்படிப் போனால் உரையாடல் விக்குகிறது. தமிழுக்கு இந்த வெட்டு தேவையே இல்லை. ‘என்று’ ஒரு வினையெச்சம். சொல்லுதலைக் குறிக்காத வினைமுற்றிலும் போய் முடியும். என்று எழுந்தாள், என்று முறைத்தான், என்று கதவைச் சாத்தினார். பேச்சு முழுவதையும் அந்த வினை கையில் ஏந்தி நிற்கிறது.

ஆகவே: ஏந்துவினை. வினைத்தொகை, இடையில் ஒற்று மிகாது. ‘ஏந்துவினைத் தொடர்’, ‘முக ஏந்துவினை’ என்று நீட்டலாம். ‘இங்கே ஏந்துவினை போடவும்’ என்று மூன்று சொல்லில் திருத்தமும் எழுதலாம்.

----

ஏந்துவினைக்கு என் முழு ஆதரவு. ஆனால் ‘என்று’ பற்றி ஓர் எச்சரிக்கை பதிவில் இருக்க வேண்டும். பிழை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

மழை வரும் என்று குடையை எடுத்தான்.

சொன்னானா, நினைத்தானா? ‘மகன் வரவில்லை என்று அழுதாள்’ என்பதில் ‘என்று’ காரணத்தையே குறிக்கிறது. மேற்கோள்குறி இருந்தால் கண்ணால் படிப்பவருக்கு ஓரளவு தெளிவு. வாய்விட்டுப் படித்தால் அதுவும் போய்விடும். செயல் பேச்சோடு சேர்ந்தே நடந்தால் ‘என்றபடி’, ‘என்றவாறே’; பேசி முடித்த பிறகு நடந்தால் ‘என்று சொல்லிவிட்டு’. வெறும் ‘என்று’ போதுமா என்பதற்கு எளிய சோதனை: ‘என்று நினைத்து’ என மாற்றிப் பாருங்கள். அப்போதும் வாக்கியம் பொருந்தினால் ‘என்றபடி’க்கு மாறுங்கள்.

அடுத்து, எந்த வினை. ‘கோபமாகப் பார்த்தான்’ என்பதை ‘முறைத்தான்’ ஆக்குவது சரி. முணுமுணுத்தாள், அதட்டினார், கெஞ்சினான், கொறித்தான் எல்லாம் அப்படி ஒற்றைச் சொல்லிலேயே தனிப் படம் உள்ளவை. ஆனால் ‘வினையடையை வெட்டு’ என்ற ஆங்கில விதியை இரட்டைக்கிளவி மேல் ஏற்றக் கூடாது. ‘விறுவிறுவென நடந்தான்’ என்பதில் வெட்ட எதுவும் இல்லை. நடையின் வேகம் அந்த ஒலியில்தான் இருக்கிறது. வெட்ட வேண்டியது கோபமாக, சோகமாக, மகிழ்ச்சியாக என்று உணர்ச்சிக்குப் பெயரிடும் ‘-ஆக’.

முக ஏந்துவினையில் இன்னும் கவனம் வேண்டும். ‘கண்களை உருட்டினாள்’ என்று ஆங்கிலத்திலிருந்து எடுத்தால் அலுப்பு வராது. தமிழில் கண்ணை உருட்டுவது மிரட்டல். ‘தோளைக் குலுக்கினான்’ என்பதும் இரவல் உடம்பு. தெரியாது என்பதற்கு நம்மவர் உதட்டைப் பிதுக்குவார், கையை விரிப்பார். ‘தலையை அசைத்தார்’ என்று மட்டும் எழுதினால் ஆமா, இல்லையா என்று விளங்காது. ஆமோதிப்பு என்றால் ‘தலையாட்டினார்’ என்றே எழுதலாம். முகவாயைத் தோளில் இடித்துக்கொள்வது, கழுத்தை நொடிப்பது, உச்சுக்கொட்டுவது, மூக்கின்மேல் விரல் வைப்பது: வயதும் ஊரும் பார்த்து இவற்றைக் கொடுத்தால் பேசுபவர் யார் என்பதும் தெரிந்துவிடும்.

அளவும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பேச்சுக்கும் ஏந்துவினை வைத்தால் ஆட்கள் பொம்மலாட்டம் ஆடுவார்கள். இருவர் மட்டும் மாறி மாறிப் பேசும்போது மூன்று நான்கு பேச்சுக்கு ஒன்று போதும். அதுவும் மனநிலை திரும்புகிற இடத்தில். பெருமூச்சும் புருவம் உயர்த்தலும் ஒரே அத்தியாயத்தில் இரண்டாம் முறை வந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

----

நன்றி. பட்டியலில் இப்படிப் போகிறது:

ஏந்துவினை: உரையாடலை ‘என்று’, ‘என்றபடி’ போன்றவற்றால் தாங்கி, பேசுபவரையும் அவர் மனநிலையையும் செயலால் காட்டும் வினை. ஒப்பிடுக: கூற்றுவினை, மெய்ப்பாடு.

எடுத்துக்காட்டில் ‘நகர்த்தினாள்’ வேண்டாம்; அதில் தட்டு மட்டும்தான் அசைகிறது. “எனக்கு வேண்டாம்” என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள் என்று மாற்றிவிட்டேன்.