மன்றோ சிலையும் சான்ட்ரியின் பட்டறையும்: பார்த்தவர்கள் கவனிக்க வேண்டியவை (புனைபெயர்களில் மூவர் பேசியது)

தீவுத்திடல்:
சென்னையில் கோட்டைக்கும் அண்ணா சாலைக்கும் நடுவே நிற்கும், பழைய மதராஸ் கவர்னர் மன்றோவின் குதிரைச் சிலையைப் பற்றி ஊரில் ஒரே கதைதான். சிற்பி அங்கவடி (குதிரைமேல் இருப்பவர் கால் ஊன்றும் வளையம்) வைக்க மறந்துவிட்டாராம், அந்த அவமானத்தில் உயிரை மாய்த்துக்கொண்டாராம். சிற்பி சர் பிரான்சிஸ் சான்ட்ரி. சிலை இங்கே நிறுவப்பட்டது 1839-ல். அவர் இறந்தது 1841 நவம்பரில், லண்டனில், 60 வயதில், திடீரென்று.

மறதி இல்லை என்பதற்கு லண்டனிலேயே சாட்சி இருக்கிறது. சான்ட்ரியே செய்த டிரஃபால்கர் சதுக்கத்து மன்னர் நான்காம் ஜார்ஜ் சிலைக்கும் அங்கவடி கிடையாது, ராயல் எக்ஸ்சேஞ்ச் முன் நிற்கும் வெல்லிங்டனுக்கும் கிடையாது. வெல்லிங்டன் சிலையைச் சான்ட்ரி காலமானபின் அவருடைய உதவியாளர் ஹென்றி வீக்ஸ் முடித்தார், திறப்பு 1844-ல். மூன்று குதிரைகளும் நான்கு காலையும் தரையில் ஊன்றி நிற்கின்றன. மூன்று தடவையுமா மறப்பார்? ரோமிலுள்ள பழைய பேரரசர் மார்கஸ் அரேலியஸின் வெண்கலக் குதிரைச் சிலையிலும் அங்கவடி இல்லை. அந்த மரபுதான் இது. கால் தொங்கினால் இடுப்பிலிருந்து பாதம் வரை கோடு அறுபடாமல் இறங்கும்.

கரித்துண்டு:
சரியாகச் சொன்னீர்கள் ஐயா. இவ்வளவு அளந்து வேலை செய்தவருக்கு மறதிப் பட்டம் பொருந்தாது. உருவச்சிலைக்கு உட்காருபவரை முதலில் கேமரா லூசிடா என்ற வரைகருவியில் வரைவார், நேர்முகம் ஒன்று, பக்கவாட்டு ஒன்று. அந்த வரைபடங்கள் பல லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரியில் இருக்கின்றன.

கருவி எளிமையானது: பலகையில் இறுக்கிய தண்டு, நுனியில் சிறு பட்டகம் (பிரிசம்). பட்டகத்தின் விளிம்பில் கண்ணை வைத்தால் கண்பாவையின் ஒரு பாதி ஆளைப் பார்க்கும், மறுபாதி தாளைப் பார்க்கும். முகம் தாள்மேல் விழுந்ததுபோலத் தெரியும். தொல்லையும் அங்கேதான். கண் இம்மி நகர்ந்தால் மூக்கு ஓரிடம், காது வேறிடம் போய்விடும். தாளில் வெளிச்சம் கூடினால் முகம் மறையும், ஆள்மேல் கூடினால் பென்சில் முனை மறையும். அதனால் தாள் பக்கம் நிழல் கட்டிக்கொள்ள வேண்டும்.

உளிச்சத்தம்:
அடுத்தது களிமண். உள்ளே இரும்புக் கம்பிச் சட்டம்; கனமான இடங்களில் குறுக்குக் கட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டால்தான் ஈரமண் வழுக்கி இறங்காது. வேலை ஓயும்போதெல்லாம் ஈரத்துணி. ஒரு நாள் விட்டாலும் மண் சுருங்கி வெடிக்கும், அளவு போச்சு.

மண்மேல் பிளாஸ்டர் அச்சு. முதல் பூச்சில் கொஞ்சம் சாயம் கலப்பது வழக்கம். உள்ளே பிளாஸ்டர் வார்த்தபின் அச்சை உடைத்தெடுக்கும்போது சாயம் தெரிந்தால் உளியை மெதுவாக்கு என்று பொருள். சாயமில்லாவிட்டால் சிலையின் கன்னத்தையும் சேர்த்துக் கொத்திவிடுவோம்.

பிறகு பளிங்குக்குப் புள்ளி எடுப்பது, அதாவது பிளாஸ்டரின் அளவுகளைப் புள்ளி புள்ளியாகக் கல்லுக்கு மாற்றுவது. பிளாஸ்டரில் மூன்று நிலைப்புள்ளிகள், கல்லிலும் அதே மூன்று. ஊசி பொருத்திய அளவுச் சட்டத்தை அவற்றில் மாட்டி, ஊசியை பிளாஸ்டரில் தொடவைத்து, ஊசி அதற்குமேல் உள்ளே போகாமல் தடுக்கும் நிறுத்தியை இறுக்கி, கல்லுக்கு மாற்றுவார்கள். நிறுத்தி தடுக்கும்வரை துளை. மேல்தோலாக ஓரிரு மில்லிமீட்டர் விட்டுவிடுவது கடைசி உளிக்கு. நிறுத்தியின் திருகு தளர்ந்தால் துளை ஆழமாகிவிடும். கல்லில் போனது போனதுதான். நிலைப்புள்ளி சிதைந்தாலும் அதன் பிறகு எடுக்கும் அத்தனை புள்ளியும் பொய்.

சான்ட்ரியின் பட்டறையில் கல்வேலையின் பெரும்பகுதி ஆட்களுடையது. மேற்பார்வை ஆலன் கன்னிங்ஹாம் என்ற ஸ்காட்டியக் கவிஞர். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய பட்டறை எல்லாமே அப்படித்தான்.

தீவுத்திடல்:
சான்ட்ரியின் பளிங்கைக் கிட்டே பார்க்க இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் தேவாலயத்துத் 'தூங்கும் குழந்தைகள்' இருக்கிறது, 1817. இரண்டு சகோதரிகள், ஒரு மெத்தை, ஒருத்தி கையில் பனித்துளிப் பூங்கொத்து. இதழ் எவ்வளவு மெலிதாக இருக்கிறது, மெத்தை எப்படி அழுந்தியிருக்கிறது என்று பாருங்கள். சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். 1826-ல் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபருக்கு இவர் செய்த நினைவுச்சின்னம் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இருக்கிறது.

கரித்துண்டு:
சான்ட்ரியின் பிளாஸ்டர் மாதிரிகளை அவர் மனைவி ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பளிங்கைவிட அவற்றில்தான் புள்ளி எடுத்த தடங்களைத் தேடவேண்டும். மன்றோவை அண்ணாந்து பார்ப்பதைவிட எட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள்; தொங்கும் காலின் கோடு அப்போதுதான் பிடிபடும்.