உப்பு பட்டால் அடுப்புத் தீ ஏன் மஞ்சளாகிறது?

கேள்வி: ரசம் பொங்கி வழிஞ்சுது, நீலத் தீ சட்டுனு மஞ்சளாயிடுச்சு. ஒரு சிட்டிகை உப்பு தூவிப் பார்த்தேன், அதே மஞ்சள். பிளஸ் டூ படிக்கிற மகன் "எலக்ட்ரான் தாவுதும்மா"ங்கிறான். எங்கே தாவுது?

பதில்: உப்புல இருக்கிற சோடியத்தோட கடைசி எலக்ட்ரான் 3எஸ்-ங்கிற ஆற்றல் படியில இருக்கும். தீயோட சூட்டில் அதுக்கு மேல்படியான 3பி-க்கு ஏறி உடனே இறங்கிடும். இறங்கும்போது சுமார் 2.1 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல ஆற்றலை அளக்கிற அலகு) ஆற்றல் ஒளியா வெளியேறும். அலைநீளம் 589 நானோமீட்டர், அதான் அந்த மஞ்சள்.

கேட்டவர்: நடுவுல எங்கேயும் நிக்காதா?

பதில்: நடுவுல படியே இல்லைங்க. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-லயே சொன்னார். ஆனா எலக்ட்ரான் அணுக்கருவைக் கோள் மாதிரி சுத்துதுன்னு நினைக்காதீங்க. 1926-ல இயற்பியலாளர் ஷ்ரோடிங்கரோட சமன்பாடு வந்ததோட அந்தக் கோள் படம் போயாச்சு.

இன்னொருவர்: நிறமாலைக் கருவியில உத்துப் பார்த்தா அந்த மஞ்சள் ரெண்டு கோடு: 589.0, 589.6 நானோமீட்டர். எலக்ட்ரானோட தற்சுழற்சிதான் பிரிக்குது.

கேட்டவர்: மகன்கிட்ட காட்டிட்டேன். இப்ப உப்பு டப்பாவை ஒளிச்சு வைக்க வேண்டியதாப் போச்சு.