மழை தொடங்கியதிலிருந்து குதிரைக் குளம்பில் கெட்ட வாடை, கறுப்புக் கசிவு: என்ன செய்யலாம்?

கேட்டவர்: தோட்டத்துக் குதிரை

வணக்கம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஒரு கத்தியவார் பெட்டைக் குதிரை இருக்கிறது, வயது 7. ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கினோம், எனக்கு இதுதான் முதல் குதிரை. தினமும் காலையில் சவாரி போய்விட்டு வந்து, சேணத்தை இறக்கி, வியர்வை காய்ந்ததும் உடம்பு முழுக்க பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுவேன். மேல் உடம்பு பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து பின்னங்கால் குளம்பைத் தூக்கினாலே அழுகின வாடை. அடியில் நடுவில் முக்கோணமாக, ரப்பர் மாதிரி இருக்குமே, அதன் பக்கத்துப் பள்ளங்களில் கறுப்பாகப் பிசுபிசுவென்று வருகிறது, குளம்பு அழுக்கை எடுக்கும் கொக்கி பட்டால் காலை இழுத்துக்கொள்கிறாள். நொண்டல் இல்லை, தீனி நன்றாக எடுக்கிறாள். பழைய இஞ்சின் ஆயிலை ஊற்று என்கிறார் ஒருவர், மயில்துத்தத்தைப் பொடித்துத் திணி என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: ஈரோடு லாயம்

தம்பி, இரண்டையும் செய்யாதீங்க. நீங்கள் சொல்வது குளம்பு அழுகல் மாதிரித்தான் தெரிகிறது, திரஷ் என்பார்கள். சாணியும் மூத்திரமும் ஈரமும் சேர்ந்து அந்தப் பள்ளத்தில் அடைத்துக்கொண்டால் காற்றே படாது, காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கு அதுதான் வசதி. ஆயிலை ஊற்றினால் அழுக்கு உள்ளேயே நின்றுவிடும். மயில்துத்தம் அழுகலைக் காயவைக்கும்தான், ஆனால் பொடியாகத் திணித்தால் பக்கத்தில் இருக்கிற நல்ல சதையையும் அரித்துவிடும், அப்புறம் அவள் காலையே தரமாட்டாள்.

இரண்டு கேள்வி. அவள் நிற்கிற தரை எப்படி? லாடம் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

பதில்: தோட்டத்துக் குதிரை

மண் தரைதான் அண்ணா, மேலே தேங்காய் நார்த்தூள் போட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை மாற்றுவேன். லாடம் வாங்கும்போது இருந்ததுதான், கழன்று விழவில்லை என்பதால் மாற்றவில்லை.

பதில்: ஈரோடு லாயம்

அங்கேதான் பிடி இருக்கிறது. லாடம் உறுதியாக இருந்தாலும் குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். உங்களுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. குதிகால் நீண்டு பள்ளம் ஆழமாகியிருக்கும், உங்கள் கொக்கி அடிவரைக்கும் போயிருக்காது. முதலில் லாடக்காரரைக் கூப்பிட்டு, செத்த சதையை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ரத்தம் வருகிற அளவுக்கு வெட்டவிட வேண்டாம்.

அப்புறம் தினம் இரண்டு வேளை, குதிகாலிலிருந்து நுனியை நோக்கிக் கொக்கியை இழுத்து அழுக்கை எடுங்கள், எதிர்ப்பக்கமாகக் குத்தவே கூடாது. ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு, பொவிடோன் அயோடினில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் மெல்ல வையுங்கள். அடுத்த வேளை பழைய பஞ்சை மறக்காமல் எடுத்துவிடுங்கள். நனைந்த நார்த்தூளை வாரம் ஒருமுறை அல்ல, தினமும் வாரிப் போட வேண்டும். நான் இத்தனை வருடத்தில் பார்த்தவரை, தரை காயாமல் எந்த மருந்து போட்டும் பிரயோசனம் இருந்ததில்லை.

பதில்: சவாரி பழகும் அக்கா

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நொண்ட ஆரம்பித்தாலோ, குளம்பு சூடாக இருந்தாலோ, கணுவுக்கு மேல் வீங்கினாலோ ஒருநாள்கூடக் காத்திருக்காமல் டாக்டரை வரவழையுங்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம், வீட்டு வைத்தியம் அதற்கு ஆகாது. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் பாருங்கள், குதிரைக்கு அந்த நோய் மிகச் சுலபமாகப் பிடிக்கும், குளம்புப் புண் வழியாகவே ஏறிவிடும். சந்தையில் வாங்கின குதிரைக்கு முன்னால் போட்டார்களா என்று யாருக்கும் தெரியாது. அருகில் டாக்டர் இல்லையென்றால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 எண்ணில் கூப்பிடலாம்.

பதில்: தோட்டத்துக் குதிரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டாக்டர் பார்த்து அழுகல்தான் என்றார், டெட்டனஸ் ஊசியும் போட்டுவிட்டார். லாடக்காரர் சீவியபோது அந்தப் பள்ளத்தில் என் சுண்டுவிரல் பாதி உள்ளே போனது, பார்த்ததும் மனசு கேட்கவில்லை, இத்தனை நாள் மேலே மட்டும் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கொட்டகைத் தரையை அரை அடி உயர்த்திக் கிராவல் கொட்டி, தண்ணீர் வெளியே போக வாய்க்கால் வெட்டிவிட்டோம். வாடை போய்விட்டது, கசிவும் இல்லை. ஆனால் வலது பின்னங்காலைத் தொட்டால் இன்னும் இழுக்கிறாள்.

பதில்: ஈரோடு லாயம்

நல்லது தம்பி. அழுத்திப் பார்க்கும்போது மட்டும் இழுத்தால் உள்ளே இன்னும் ஆறவில்லை, அயோடினை நிறுத்தாதீங்க. கையை வைக்கும் முன்பே இழுத்தால் பழைய வலியை நினைத்துப் பயப்படுகிறாள். அதற்கு, தூக்கின காலை இரண்டு நொடியில் நீங்களாகவே மெதுவாக இறக்கிவிட்டு, ஒரு கை ஊறவைத்த கொள்ளு கொடுங்கள். அடுத்த நாள் மூன்று நொடி பிடியுங்கள்.