மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ரப்பருக்கு ஒரு வருகையாளர் மையம்: வேண்டுமா, வேண்டாமா?

தோட்டத்துப்பிள்ளை:
தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் நிற்கும் டிடி5 என்ற ஈயம் தோண்டும் கப்பலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். 1938இல் கட்டியது, 1982 வரை ஓடியது. இன்று டிக்கெட் வாங்கி உள்ளே ஏறிப் பார்க்கலாம். ஈயத்துக்கு அது இருக்கிறது. ரப்பருக்கு நம் பக்கம் என்ன இருக்கிறது? 1877இல் வந்த கன்றுகளில் மிஞ்சியது என்று சொல்லி கோலகங்சாரில் ஒரு மரம் நிற்கிறது, அவ்வளவுதான். ரப்பர் ஷீட் உலர்த்திய, தகரம் பறந்து கிடக்கும் பழைய புகைக்கூடம் ஒன்றைச் சீர்செய்து மையம் ஆக்கலாமே? ஷீட் உருட்டும் மெஷின், பாலை உறையவைக்கும் திராவகத் தொட்டி, ஷீட் தொங்கவிடும் கழி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துக் காட்டலாம்.

ஐந்தாம்லயம்:
யாருக்காக அண்ணே? புகைக்கூடத்தில் கண் எரிய வேலை பார்த்தவர்கள், தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியதும் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள். காசு இருந்தால் முதலில் அவர்களுக்கு வீடு கட்டுங்கள். கொண்டாட என்ன இருக்கிறது? 1920களில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930 பொருளாதார மந்தத்தில் அதிலும் வெட்டு. போதாததற்கு ஆயிரக்கணக்கானோரைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள்.

ஈப்போக்காரன்:
ஈப்போவுக்கு வெள்ளைக் காப்பி குடிக்க வருகிறவன் சிப்புட்டுக்கு எதற்கு வரப்போகிறான்? ரெண்டு வருஷத்தில் பூட்டு தொங்கும்.

பால்காட்டு அக்கா:
தம்பிகளா, கொஞ்சம் நில்லுங்கள். வீடு வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வீடு கேட்பதற்காக வேலையை மறக்க வேண்டுமா?

என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரையில் இறங்குவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். முதலில் வெட்டுவாயில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அப்புறம் உளியைச் சாய்வாக வைத்து ஒரே இழுப்பு. சீவல் மெல்லிசாக விழ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. கொஞ்சம் கூடிப்போனால் மரத்தில் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாகத் திரும்ப வளரும், மறுபடி அங்கே வெட்ட முடியாது. காயத்தைப் பார்த்தால் கங்காணி விடமாட்டார். இதை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களில் செய்துவிட்டு, பிறகு பால் வடிந்த கிண்ணங்களிலிருந்து மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். மழை வந்து மங்கில் தண்ணீர் புகுந்தால் அன்றைய பாடு போச்சு.

இது கைவேலை, சாதாரண கூலிவேலை இல்லை. என் பேரனுக்கு உளி எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. மெஷினைவிட இதைத்தான் காட்ட வேண்டும்.

ஐந்தாம்லயம்:
அக்கா, நீங்கள் சொல்வதைக் காட்டினால் நானே டிக்கெட் வாங்குவேன். ஆனால் காட்டமாட்டார்கள். துரை பங்களா படம், மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்து ரிட்லி கொண்டுவந்த கதை, ஒரு நினைவுப்பொருள் கடை, முடிந்தது. 1941இல் கிள்ளான் பக்கத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எந்தச் சுவரில் எழுதுவார்கள்? துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம் என்பதும் அதில் ஒரு கோரிக்கை. பட்டாளத்தை இறக்கி அடக்கினார்கள், வேலைநிறுத்தத் தலைவர் ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். ஜப்பான் காலத்தில் சயாம்-பர்மா மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்களில் தோட்டத்து ஆட்கள் எத்தனை பேர் திரும்பவில்லை?

தோட்டத்துப்பிள்ளை:
அதையும் எழுதச் சொல்லிக் கேட்போம். நம் ஊருக்கென்றே கதை இருக்கிறதே. 1948 ஜூன் 16இல் இங்கேதான் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் சுடப்பட்டார்கள், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனும் இந்த ஊர்க்காரர்தான். துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர் பங்குப் பணத்தாலேயே வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். இதெல்லாம் கோலாலம்பூரில் ஒரு மூலையில் இருப்பதைவிட இங்கே இருப்பதுதான் நியாயம்.

ஈப்போக்காரன்:
சரி, நிலம் யாருடையது? கம்பெனியுடையது. கம்பெனி இடம் கொடுத்து, கம்பெனியே செலவும் செய்தால் 1941 பற்றி ஒரு வரி வருமா?

பால்காட்டு அக்கா:
அப்படியானால் கம்பெனி நிலமே வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பறை போதும். உளி, மங்கு, கூடை எல்லாம் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. பழைய செக்ரோல், அதாவது ஆள் வருகைப் புத்தகம் ஒன்று கிடைத்தால் அதைத்தான் வாசலில் வைப்பேன், பெயரோடு.

ஐந்தாம்லயம்:
வகுப்பறை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை அக்கா. புகைக்கூடம் என்றால் முடியாது. அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வீடு வந்த பிறகு பேசலாம்.

தோட்டத்துப்பிள்ளை:
வீடு வரும்வரை அந்தத் தகரம் நிற்குமா தம்பி?