முடக்குவாதம்: மெத்தோட்ரெக்சேட் ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்து என்ன செய்தீர்கள்?

வணக்கம். எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், அதாவது முடக்குவாதம்; உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கவே முடியாது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மதியத்துக்குள் கொஞ்சம் இளகும். அப்போது பார்ப்பவர்கள், "நல்லாத்தானே இருக்கீங்க" என்கிறார்கள். வலியைவிட அந்த வார்த்தைதான் அதிகம் சுடுகிறது.

நோயைக் கட்டுப்படுத்த வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மருந்து, அதன் பக்கவிளைவைக் குறைக்க கூடவே ஃபோலிக் ஆசிட் எடுத்தேன். வலி குறைந்தது. ஆனால் ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறியதால் மருத்துவர் நிறுத்திவிட்டார். வலி மாத்திரையையே நம்பியிருந்தால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். ஸ்டீராய்டை நீண்ட நாள் எடுத்தால் எலும்பு பலவீனமாகும். அடுத்து பயாலஜிக் ஊசி, அதாவது எதிர்ப்புச் சக்தியின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் தடுக்கும் மருந்து என்கிறார். அதற்கு முன் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். விலையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

இப்படி மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு சல்ஃபாசலசின் என்ற இன்னொரு மருந்துக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? பயாலஜிக் ஊசி போட்டவர்களுக்கு எப்போது வித்தியாசம் தெரிந்தது? தொற்று ஏதும் அடிக்கடி வந்ததா? அப்புறம், காலை விறைப்புக்கு வெந்நீர், மெழுகு ஒத்தடம், ஸ்பிளின்ட் (மூட்டை அசையாமல் தாங்கும் பட்டை), இதில் எது கைகொடுத்தது?

பூரண குணம் தரும் பொடி, எண்ணெய் என்று தயவுசெய்து அனுப்பாதீர்கள். மூட்டு அரிக்கப்பட்டுவிட்டால் பழையபடி ஆகாது, அதனால் நாளைக் கடத்தப் பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். அதற்குள் உங்கள் சொந்த அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.