ஏழாம் வகுப்பில் எரிமலைப் பாடம்: சோடா நுரையைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

கேள்வி (சமூக அறிவியல் ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். எரிமலைப் பாடம் வரும்போதெல்லாம் களிமண்ணில் கூம்பு செய்து, சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி நுரை பொங்க வைப்பதே எங்கள் பள்ளியில் வழக்கமாக இருந்துவருகிறது. பிள்ளைகள் கைதட்டி மகிழ்கிறார்கள். ஆனால் மறுநாள், பூமிக்குள் அவ்வளவு சோடா எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். பாடம் முடியும்வரை சுவரில் இருக்கக்கூடிய காட்சி ஒன்றும், எல்லாப் பிள்ளைகளும் கையால் செய்து பார்க்கக்கூடிய செயல்பாடு ஒன்றும் தேவை. ஆய்வகத்தில் உள்ள அம்மோனியம் டைகுரோமேட்டைக் கொளுத்திக் காட்டலாம் என்று சக ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். தங்கள் கருத்து என்ன?

மறுமொழி (வேதியியல் ஆசிரியர்):

டைகுரோமேட் வேண்டவே வேண்டாம், அம்மா. ஆரஞ்சு நிறப் படிகங்கள் பொறி கக்கிப் பச்சைத் தூளாகக் குவிவது பார்க்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் அந்த உப்பில் உள்ள குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, வினைபுரியாமல் எஞ்சும் தூள் மூச்சுக்காற்றோடு உள்ளே போகும். அறிவியல் கண்காட்சிகளில் இன்னும் இதைச் செய்கிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது.

பாறைக்குழம்பில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கரைந்திருக்கின்றன. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைவதால் அவை குமிழிகளாகப் பிரிந்து அதை வெளியே தள்ளுகின்றன. இதற்கு மூடிய சோடா பாட்டிலைத் திறந்து காட்டினாலே போதும், மூடியைத் திருகும்வரை உள்ளே ஒரு குமிழியும் தெரியாது. அதன்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி ஸ்ட்ரா கொடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரிலும் கெட்டியாகக் கரைத்த மைதா மாவிலும் ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி சத்தமின்றி உடையும். மாவில் அது உப்பி, வெடித்து, முகத்தில் தெறிக்கும். ஹவாய்த் தீவின் மௌனா லோவாவில் லாவா ஆறுபோல் ஓடுவதற்கும், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ வெடித்துச் சிதறியதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போது சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பினாடுபோவில் இருந்ததுபோல் சிலிக்கா (மணலில் உள்ள பொருள்) மிகுந்த குழம்பு பிசுபிசுப்பானது, வாயுவை எளிதில் விடாது.

மறுமொழி (புவியியல் ஆசிரியர்):

சுவர்க் காட்சிக்கு நான் பரிந்துரைப்பது ஒரு கயிறு. புவியின் ஆரம் ஏறத்தாழ 6,371 கி.மீ.; ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டால், நடைக்கூடச் சுவரில் 6 மீட்டர் 37 செ.மீ. நீளக் கயிறு ஒன்றைக் கட்டலாம். கண்டங்களின் மேலோடு சராசரியாக மூன்றரை செ.மீ. அளவில் முடிந்துவிடும். பாறைக்குழம்பு பெரும்பாலும் உருவாவது முதல் பத்து, இருபது செ.மீ.க்குள்தான், புவிக்கரு தொடங்குவதோ 2.9 மீட்டரில். மேலோட்டுக்கும் கருவுக்கும் நடுவில் உள்ள கவசத்தின் பெரும்பகுதி திடப்பாறையே. பூமியின் மையத்திலிருந்து லாவா நேராகக் குழாயில் ஏறி வருகிறது என்று பிள்ளைகள் (சில ஆசிரியர்களும்கூட) நம்பிக்கொண்டிருப்பதை இந்தக் கயிறு ஒரே பார்வையில் தீர்த்துவிடும். கயிற்றின் அருகே அந்தமான் வரைபடத்தையும் ஒட்டி, இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலையான பாரன் தீவைக் குறியுங்கள். நெடுங்காலம் அடங்கியிருந்து 1991-இல் அது மீண்டும் வெடித்தது.

மறுமொழி (தொடக்கப் பள்ளி ஆசிரியை):

சமையல் சோடாவை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். நுரை எதுவரை வழிந்ததோ அந்த ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, துடைத்துவிட்டு, அந்த இடம் முழுவதையும் சிவப்பு மாவால் மெல்லியதாக மூடச் சொல்லுங்கள். அடுத்த முறை நுரை பொங்கும்போது மஞ்சள் நிற மாவு, அதற்கடுத்து நீலம். இப்படியே எரிமலை அடுக்கடுக்காக வளரும். பிறகு குழுக்கள் தங்கள் மலைகளை மாற்றிக்கொண்டு, ஸ்ட்ராவைச் செங்குத்தாகக் குத்தி எடுத்து, உள்ளே தெரியும் நிறங்களைக் கொண்டு எந்த லாவா முந்தியது, எது எந்தப் பக்கம் ஓடியது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் இதற்கு இரண்டு பாடவேளை தேவைப்பட்டது. களிமண் காய்ந்தால் ஸ்ட்ரா இறங்காது. உப்புச் சேர்த்துப் பிசைந்த மைதா மாவே நல்லது, அதையும் ஈரத்துணியால் மூடி வையுங்கள்.